அரிசி டப்பாவில் சாய்ந்திருந்த டாக்டரம்மா

என் கண்ணைப் பார்த்த டாக்டரம்மாவை நான் முதன்முதலில் சந்தித்தபோது அவர் எங்கள் வீட்டு அரிசி டப்பாவில் சாய்ந்துகொண்டிருந்தார். டப்பாவுக்குப் பின்னால் மாதா படம், முன்னால் உப்பு ஜாடி, நடுவில் போன். போனுக்குள் முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு டாக்டரம்மா. அவர் முகத்தில் எனக்குத் தெரிந்தது நெற்றி மட்டும்தான். என் முகத்தில் அவருக்குத் தெரிந்தது மூக்கின் இரண்டு ஓட்டைகள் மட்டும்தான் என்று அவரே சொன்னார். வைத்தியம் இப்படித்தான் ஆரம்பித்தது.

கொரோனாவுக்காக ஊரைப் பூட்டிவைத்திருந்த காலம் அது. ஊர் பூட்டிக் கிடந்தாலும் கப்பல் வந்துகொண்டுதான் இருந்தது. கப்பல் வந்தால் நாங்களும் போயாக வேண்டும். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். திருவொற்றியூரிலிருந்து தினமும் சட்டைப்பையில் பாஸ், மூக்கில் துணி என்று கிளம்புவேன்.

கிரேன்காரனுக்குக் கண்தான் பிழைப்பு. நான் உயரத்தில் கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்திருப்பேன். கப்பலின் வயிற்றுக்குள் நிற்கிற ஆட்கள் எனக்குத் தெரியமாட்டார்கள். மேல்தட்டின் விளிம்பில் சிக்னல்மேன் நிற்பான். அவன் உள்ளே எட்டிப் பார்த்து எனக்குக் கை காட்டுவான். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்க வேண்டும், கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்க வேண்டும், முஷ்டியை மூடினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். வாக்கிடாக்கியும் கொடுத்திருக்கிறார்கள். அதில் கடல் காற்றுதான் அதிகம் பேசும். நானும் என் சிக்னல்மேனும் பத்தொன்பது வருஷமாகக் கையாலேயே பேசிக்கொண்டிருந்தோம். வாயால் பேசினால் எங்களுக்குள் சண்டைதான் வரும்.

அப்படி இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை என் இடது கண்ணில் கரி பறந்தது. சின்னச் சின்னதாக, கொசு மாதிரி. எங்கள் பக்கத்தில் கறுப்பாக ஏதாவது பறந்தால் தன் கண்ணைச் சந்தேகப்படுகிறவன் எவனும் கிடையாது, கம்பெனிகளைத்தான் சந்தேகப்படுவான். காற்று எண்ணூர்ப் பக்கமிருந்து அடித்தால் சாம்பல், மணலிப் பக்கமிருந்து அடித்தால் நாற்றம். மாடியில் காலையில் காயப்போட்ட வெள்ளை வேட்டியைச் சாயங்காலம் எடுக்கும்போது வெள்ளை என்று சொல்ல முடியாது. ஆகவே நான் கண்ணைக் கழுவினேன். நான்கு நாள் விடாமல் கழுவினேன். கழுவக் கழுவக் கரி கூடிக்கொண்டே போயிற்று. "நாசமாப் போறவனுங்க" என்று மொட்டை மாடியில் நின்று நான்கு திசையையும் திட்டினேன். பாதிக் கம்பெனி மூடிக் கிடக்கிறது என்பது என் மரமண்டைக்கு எட்டவேயில்லை.

அடுத்து மின்னல் வந்தது. கண்ணின் ஓரத்தில் பளிச் பளிச் என்று வெட்டியது.

"பக்கத்துப் பட்டறைல வெல்டிங் வெச்சிகினு கீறானுங்க, கண்ணு கூசுது. அந்த ஜன்னல சாத்து" என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் ஜன்னலையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "பட்டற மூடி ஒரு மாசமாவுது. ஓனரு ஊருக்குப் போய்ட்டான். எந்தப் பேய்யா வந்து வெல்டிங் வெக்கிது?"

மாட்டிக்கொண்டேன். என் மனைவிக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அதற்கு ஒரு முடிவு தெரியாமல் அடுப்புகூடப் பற்றவைக்க மாட்டாள்.

அவளிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அந்தக் கண்ணின் இடது ஓரத்தில் ஒரு கறுப்பு ஏறியிருந்தது. கரி பறக்க ஆரம்பித்த மறுநாளே வந்துவிட்டது அது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உள்ளே தள்ளி வந்தது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. எங்கள் வேலையில் கண் பரிசோதனையில் தவறிவிட்டால் கேபினிலிருந்து இறக்கிவிடுவார்கள். அப்படி இறக்கப்பட்ட ஒருத்தரை எனக்குத் தெரியும். கேட்டில் ஸ்டூல் போட்டு லாரி நம்பர் எழுதுகிற வேலை கொடுத்தார்கள். போகிற வருகிற எல்லோரும் அவருக்கு ஒரு வணக்கம் வைப்பார்கள், துக்க வீட்டில் வைக்கிற வணக்கம். அதை வாங்கிக்கொள்ள எனக்கு மனசு இல்லை. ஐம்பத்து நான்கு வயசில் எனக்கென்று இருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான்.

"ஆஸ்பத்திரி எல்லாம் மூடிக் கீது. இப்ப எங்க போயி காட்றது?" என்று நழுவப் பார்த்தேன்.

"போன்ல பாக்கறாங்களாம்யா. வீடியோவுல."

"கண்ண போன்லயா? இன்னா, எகத்தாளமா?"

"ஞாயித்துக்கெயம பூசையே போன்ல பாக்கறோம். சாமியாரே போன்ல வந்து ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போறாரு. கண்ணு டாக்டருக்கு இன்னா கொம்பா மொளச்சிகீது?"

முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் மாதா கோயில் பூசைக்காக என்னை போன் முன்னால் முழங்காலில் நிறுத்தியிருந்தாள். ஆசீர்வாதம் கொடுக்கிற நேரத்தில் நெட் நின்று, திரையில் வட்டம் சுற்றியது. அது சுற்றி முடிக்கும்வரை தலையைத் தூக்கவிடவில்லை.

யோசித்துப் பார்த்தேன். வீடியோவிலும் ஒரு வசதி இருந்தது. நான் கண் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதை எவனும் பார்த்துப் போய்த் துறைமுகத்தில் சொல்ல மாட்டான். 'கண் உறுத்துகிறது' என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து எழுதி வாங்கிக்கொள்ளலாம், மனைவி வாயும் அடைபடும் என்று கணக்குப் போட்டேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு. அடுத்த சனிக்கிழமை எனக்கு லீவு. அன்றைக்கு நேரம் கொடுத்தார்கள்.

"ஐயா, போனைக் கொஞ்சம் தள்ளி வைங்க. மூக்கு மட்டும்தான் தெரியுது" என்றார் டாக்டரம்மா. மனைவி அரிசி டப்பாவோடு போனைப் பின்னுக்கு நகர்த்தினாள்.

"சொல்லுங்க, என்ன தொந்தரவு?"

"சொம்மா உறுத்தல்தான் மேடம். ஒரு சொட்டு மருந்து எய்திக் குட்தீங்கன்னா போதும்."

"பொய்யி மேடம்!" என்று மனைவி என் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டினாள். "மின்னல் அடிக்குதுன்னாரு. வெல்டிங் கதயச் சொல்லுய்யா."

டாக்டரம்மாவின் குரல் மாறிவிட்டது. "மின்னலா? கறுப்புப் புள்ளி ஏதும் பறக்குதா?"

"அது கம்பெனிக் கரி மேடம்."

"ஓரத்துல ஸ்கிரீன் எறங்கற மாதிரி ஏதாவது இருக்கா?"

"ஸ்கிரீன்லாம் நல்லா கீது மேடம். போன மாசம்தான் மாத்துனது. மேல கண்ணாடிகூட ஒட்டிக்கீறோம்."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் குறும்புக்குச் சொல்லவில்லை. போனைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "போன் ஸ்கிரீன் இல்லைங்க ஐயா, ஜன்னலுக்குப் போடுற ஸ்கிரீன். அந்த மாதிரி கறுப்பா ஒரு பக்கம் மறைக்குதா?" என்று அவர் பொறுமையாக விளக்கினார். அப்போது புரிந்தது. புரிந்த உடனே, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன். கேள்வி புரியாதபோது யோசித்த நேரம்கூட இந்தப் பொய்க்கு எனக்கு ஆகவில்லை.

அந்தச் சமயம் பார்த்து போனில் சத்தம் போயிற்று. படம் இருக்கிறது, குரல் இல்லை. அவர் வாயோ கவசத்துக்குள். பேசுகிறாரா, கொட்டாவி விடுகிறாரா என்றுகூடச் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் கையால் காட்ட ஆரம்பித்தார். ஆள்காட்டி விரலை மேலே நீட்டி ஆட்டினார்.

விரல் மேலே. பத்தொன்பது வருஷப் பழக்கம், சும்மா இருக்குமா? போனை எடுத்து மேலே தூக்கினேன். அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். இன்னும் தூக்கினேன். பக்கவாட்டில் கையை நீட்டினார், அந்தப் பக்கமாகத் திருப்பினேன். கடைசியில் அவர் அலுத்துப்போய் முஷ்டியை மூடி அதன்மேல் தாடையை வைத்துக்கொண்டார். நான் டக்கென்று நிறுத்திவிட்டு, கை இரண்டும் தலைக்கு மேலே இருக்க அசையாமல் நின்றேன்.

"இன்னாய்யா பண்ற?" என்றாள் மனைவி.

"அந்தம்மாதான் தூக்கச் சொன்னாங்க."

"அவங்களுக்கு இப்ப உன் சொட்டதான்யா தெரியுது. சொட்டையிலயா கண்ணு கீது?"

போனைத் திரும்ப டப்பாவில் சாய்த்தோம். டாக்டரம்மா ஒரு தாளில் எழுதிக் காட்டினார். டாக்டர் கையெழுத்து, நல்ல கண்ணாலேயே படிக்க முடியாது. மருந்து சீட்டுப் படித்துப் பழக்கப்பட்ட என் மனைவிதான் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஒரு கண்ண மூடிக்கணுமாம். நீ நேரா டாக்டரயே பாக்கணுமாம். நான் பக்கத்துல நின்னு வெரல ஆட்டணுமாம். தெரிஞ்சா நீ சொல்லணுமாம்."

முதலில் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். அவள் நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றி வந்து விரலை ஆட்டினாள். நான் கேபினில் உட்கார்ந்திருக்கிற திமிரோடு "மேல... கீய... சோத்தாங்கைப் பக்கம்..." என்று அடுக்கினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அடுத்து வலது கண்ணைப் பொத்தினேன். மேலே ஆட்டினாள், சொன்னேன். வலது பக்கம் ஆட்டினாள், சொன்னேன். பிறகு இடது பக்கம் போனாள்.

நான் டாக்டரம்மாவின் நெற்றியையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ஜல்தி ஆட்டுடி. நெட்டு போய்டப் போவுது."

விரல் வரவில்லை.

"இன்னாடி, நின்னுகினே தூங்கிட்டியா?"

"ஆட்டிகினுதான்யா கீறேன்" என்றாள் அவள். குரல் என் காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. "அப்போத்திலேந்து ரெண்டு கையையும் ஆட்டிகினு கீறேன்."

திரும்பிப் பார்த்தேன். ஒரு முழ தூரத்தில் நின்று, கூட்டத்தில் ஆளைக் கூப்பிடுகிறவள் போல இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் வாய் சிரிப்பதற்குத் தயாராக இருந்தது, கண்ணில் தண்ணீர் நின்றது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் பயந்து நான் பார்த்ததில்லை.

ஒரு ஆள் கை காட்டியிருக்கிறாள், நான் பார்க்கவில்லை. கிரேன்காரன் வாயில் வரக்கூடாத வார்த்தை அது. அந்தக் கறுப்பு வந்த நாளிலிருந்து இரும்புக் குழாய்க் கட்டுகளைத் தூக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டு விழுந்தால் கீழே இருக்கிற ஆளைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கப்பலின் வயிற்றுக்குள் எட்டுப் பேர் நின்றார்கள், விளிம்பில் என் சிக்னல்மேன் நின்றான். நாற்காலி போய்விடுமே என்று நான் பயந்த பயத்தில் ஒரு தடவைகூட அவர்கள் தலை என் ஞாபகத்துக்கு வரவில்லை. 'சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா' என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

சத்தம் திரும்பி வந்தது. "ஐயா, கேக்குதா? ஐயா?"

"மேடம்" என்றேன். "ஸ்கிரீன் கீது மேடம். ஏயு நாளா கீது."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கண்ணுக்குள்ளே பின்பக்கம் ஒட்டியிருக்கிற சவ்வு, ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு உரிகிற மாதிரி உரிந்து வருகிறது போலிருக்கிறது என்றார். நேரில் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும், ஆனால் அது நடுப்பகுதிக்கு வந்துவிட்டால் போன பார்வை முழுசாகத் திரும்பாது என்றார். "நாளைக்குன்னு சொல்லாதீங்க. இப்பவே எங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. தலையை அதிகம் ஆட்டாம வாங்க."

தலையை ஆட்டாமல் வரவேண்டுமாம்! எண்ணூர் ஹைரோட்டில் கன்டெய்னர் லாரிகள் பறித்துவைத்திருக்கிற பள்ளங்களை அந்தம்மா பார்த்ததில்லை. ஆட்டோ ஓடாத நேரம். மனைவி ஸ்கூட்டி ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து, தலையில் தண்ணீர்க் குடம் வைத்திருப்பவன் போலக் கழுத்தை விறைத்துக்கொண்டேன். பள்ளம் வரும்போதெல்லாம் அவள் வண்டியை நிறுத்தி, "எறங்கு" என்பாள். நான் இறங்கி நடந்து பள்ளத்தைத் தாண்டி மறுபடி ஏறிக்கொள்வேன். திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வருவதற்குள் பாதி தூரம் நடந்தே வந்திருப்பேன்.

தண்டையார்பேட்டைப் பக்கம் போலீஸ்காரர் மறித்தார். "ரெண்டு கண்ணும் நல்லா முழிச்சிகினுதான கீது? இன்னா எமர்ஜென்சி?"

"முயிச்சிகினுதான் கீது சார், பாக்க மாட்டேங்குது" என்றாள் மனைவி. "நீங்க அவருக்கு அந்தாண்டப் பக்கமா போயி நில்லுங்க சார். நீங்க நிக்கறதே அவருக்குத் தெரியாது."

அந்த மனுஷர் உண்மையிலேயே போனார். என் இடது பக்கம் கொஞ்சம் பின்வாட்டத்தில் நின்று என்னமோ செய்திருக்கிறார். நான் கழுத்தைத் திருப்பாமல் நேரே பார்த்துக்கொண்டு, "போய்ட்டாரா?" என்று கேட்டேன். லத்தியை என் காதோரம் ஆட்டிக்கொண்டிருந்தாராம். "சீக்கிரம் இட்டுனு போம்மா" என்று தடுப்பை அவரே நகர்த்திக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் ஆபரேஷன் நடந்தது. உரிந்ததை ஒட்டவைத்து, அது மறுபடி கழன்றுவிடாமல் அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் காற்றுக் குமிழி ஒன்றை அடைத்து அனுப்பினார்கள். நடுப்பகுதி தப்பித்துவிட்டது, ஓரத்தில் எவ்வளவு திரும்பும் என்று போகப்போகத்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஏழு நாள் குப்புறப் படுத்துக் கிடக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் தரையைப் பார்த்தபடி.

கட்டிலின் விளிம்புக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு கிடந்தேன். வீடியோவில் டாக்டரம்மா வரும்போது மனைவி போனைத் தரையில் வைத்துவிடுவாள். நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல அவரைப் பார்த்து, "வணக்கம் மேடம்" என்பேன். "இன்னைக்குத்தான் ஐயா உங்க முகம் முழுசாத் தெரியுது" என்று அவர் தரையிலிருந்து சிரித்தார்.

மற்றபடி அந்த ஏழு நாளும் மனிதர்கள் எனக்குக் கால்களாகத்தான் வந்தார்கள். மனைவி கோபமாக இருக்கிறாளா இல்லையா என்பதை அவள் குதிகால் தரையில் விழுகிற சத்தத்திலேயே கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டேன். நான்காம் நாள் சாயங்காலம் வாசல்படியில் ஒரு ஜோடி பூட்ஸ் வந்து நின்றது. வேலை நேர பூட்ஸ், முனையில் தோல் போய் இரும்பு தெரிந்தது. என் சிக்னல்மேன்.

"உள்ள வர்ல மாமு, ஷிப்டு முட்ச்சி அப்டியே வந்துட்டேன்" என்றான். "எப்டி கீது கண்ணு?"

நாங்கள் கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு தடுப்பு இருக்கும். சாமியார் முகம் தெரியாது. முகம் தெரியாவிட்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அன்றைக்கும் அப்படித்தான் ஆயிற்று. அந்த பூட்ஸைப் பார்த்துச் சொன்னேன். "டேய், மின்னாடியே எனக்கு ஒரு பக்கம் தெரியாமப் போச்சுடா. யார்கிட்டயும் சொல்லாம வண்டி ஓட்டிகினு இருந்தேன். உன் தலைக்கு மேலதான் ஓட்டிகினு இருந்தேன்."

பூட்ஸ் நகரவில்லை. "தெரியும் மாமு" என்றான்.

"இன்னா தெரியும்?"

"ரெண்டாவது நாளே தெரியும். உனக்கு லெஃப்டுல நின்னு நிறுத்துன்னு கை காட்னேன். நீ நிறுத்தல. நான் குந்திகினேன், பைப்பு தலைக்கு மேல போச்சு. அப்பாலிகா வாரம் பூரா உனக்கு ரைட் சைடுலயே நின்னுகினேன்."

எனக்குக் கோபம் வந்தது. குப்புறப் படுத்தபடியே கத்தினேன். "ஏண்டா கஸ்மாலம், ஆபீஸ்ல சொல்றதுக்கு இன்னாடா? கீய எட்டுப் பேரு நின்னானுங்களேடா! எவன் மேலயாவது உயுந்திருந்தா?"

"சொன்னா உன்ன எறக்கிடுவாங்க."

"எறக்கட்டுமேடா!"

"நீயும்தான மாமு சொல்லல" என்றான். குரலில் சண்டையே இல்லை. "எனுக்கு ஒரு வாரமா தூக்கமே இல்ல."

பத்தொன்பது வருஷத்தில் நாங்கள் வாயால் பேசிய பெரிய பேச்சு அதுதான். அவனைத் திட்டுவதற்கு எனக்கு அருகதையில்லை என்று தெரிந்தது. ஆஸ்பத்திரி சீட்டில் 'கண்' என்று இருந்ததை மறைத்து, 'காய்ச்சல்' என்று லீவு சொல்லியிருந்தேன். கண் தேறினால் சத்தம் போடாமல் மறுபடி ஏறி உட்கார்ந்துவிடலாம் என்று அன்று காலைவரைகூட ஒரு நப்பாசை இருந்தது.

"சூப்பர்வைசருக்குப் போன் போட்டு இங்க தரைல வையி" என்றேன்.

"இப்ப வேணாம் மாமு."

"போடுடா."

போட்டான். குனிந்து என் முகத்துக்கு நேர்கீழே தரையில் போனைத் தள்ளிவிட்டு மறுபடி படிக்குப் போய் நின்றுகொண்டான். மனைவியின் கால்கள் சமையலறையிலிருந்து வந்து அவனுக்கு எதிரில் நின்றன. என் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக சூப்பர்வைசர் வீடியோவையே ஆன் பண்ணச் சொன்னார். பண்ணினேன். மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் கீழேயிருந்து பார்க்கிறவருக்கு நான் இருட்டாகத் தெரிந்திருப்பேன்.

"யோவ், மூஞ்சியக் காட்டுய்யா. ஒண்ணும் தெரியல" என்றார்.

"மூஞ்சியக் காட்ற நெலமைல இல்ல சார்" என்றேன். "அப்டியே கேளுங்க. ஜுரம்னு சொன்னது பொய்யி."

கறுப்பு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளாக எல்லாவற்றையும் சொன்னேன். சிக்னல்மேன் குந்திக்கொண்டதை மட்டும் சொல்லவில்லை, சொன்னால் அவனும் மாட்டிக்கொள்வான். நான் சொல்லி முடிக்கும்வரை அந்த நான்கு கால்களும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.